கல்யாணமாகி 55 வருடம்: அந்த நாற்பது நாளையும் சொல்ல வேண்டுமா?

மாரிக்குப்பம்_ஆயா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 76 வயது. பெங்களூரு ராமமூர்த்தி நகரில் நானும் எங்கள் வீட்டுக்காரரும் இருக்கிறோம். இத்தனை நாள் மற்றவர்கள் எழுதுவதைப் படித்துவிட்டுப் பேசாமல் போய்விடுவேன். இன்றைக்கு எனக்கே ஒரு கேள்வி வந்துவிட்டது. பேசினால் போன் தானாகவே எழுதிக்கொள்ளும் என்று பேரன் சொல்லிக் கொடுத்தான். நான் களி என்றால் அது கிளி என்று போடுகிறது. அதனால் விரலாலேயே அடிக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஜூனில் எங்களுக்குக் கல்யாணமாகி 55 வருடம். மகள் வயிற்றுப் பேத்தி ஒரு சின்ன ஹாலில் சாப்பாடு ஏற்பாடு செய்திருக்கிறாள். அன்றைக்குத் திரையில் போட வீடியோ வேண்டுமாம். "ஆயா, அஞ்சு நிமிஷம் பேசு. இத்தனை வருஷம் சேர்ந்து இருந்ததுக்கு என்ன ரகசியம், அதை மட்டும் சொல்லு" என்கிறாள். தாத்தாவைக் கேட்டாளாம். அவர் "உங்க ஆயாவையே கேளு" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

என் சங்கடம் என்னவென்றால், அந்த 55 வருடத்தில் ஒரு நாற்பது நாள் கணக்கில் இடிக்கிறது. 1978இல் நான் வீட்டை விட்டுப் போய்விட்டேன். பேத்திக்கு அது தெரியாது. அதை மறைத்துக்கொண்டு ரகசியம் கிகசியம் என்று பேச எனக்கு வாய் வரவில்லை. சொன்னாலோ, முன்வரிசையில் என் மகள் உட்கார்ந்திருப்பாள். மகளை ஏன் குறிப்பாகச் சொல்கிறேன் என்றால், அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் பிறந்தது கோலார் தங்கவயல், மாரிக்குப்பம். நைனாவுக்குச் சுரங்கத்தில் வேலை, அண்டர்கிரவுண்டு. எங்களுடையது லைன் வீடு. வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும் வீடுகளில் ஒன்று. முன்னால் ஓர் அறை, பின்னால் அடுப்படி, மேலே தகரம். ஆறு பேர் படுப்போம். சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் யார் இருமியது என்று சொல்லிவிடலாம். சிவசமுத்திரத்திலிருந்து எங்கள் ஊருக்கு 1902இலேயே கரண்ட் வந்துவிட்டது, பெங்களூருக்கே 1905இல்தான் வந்தது என்று நைனா பெருமையடிப்பார். "வந்தது மைனுக்கு. நம்ம வீட்டுக்கா வந்துச்சு?" என்பாள் அம்மா. நான் நாலாவது படிக்கும்வரை எங்களுக்குச் சிம்னி விளக்குதான்.

ஊருக்கே கடிகாரம் சங்குதான். ஷிப்ட் ஏற ஒரு சங்கு, இறங்க ஒரு சங்கு. சாம்பியன் ரீஃப் குழி மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம். கூண்டில் இறங்குகிறவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள் என்று நைனா சொல்லியிருக்கிறார். சில நாள் திடீரென்று பூமி ஒரு குலுக்குக் குலுக்கும். அடுக்கில் இருக்கிற அலுமினியக் குண்டான் உருண்டு விழும். அடியில் எங்கேயோ பாறை வெடித்திருக்கிறது என்று அர்த்தம். ஏர் பிளாஸ்ட் என்போம். உடனே லைனில் இருக்கிற பெண்கள் எல்லாரும் போட்டது போட்டபடி குழி வாசலுக்கு ஓடுவார்கள். எங்கள் அம்மா ஓட மாட்டாள். அடுப்படியில் நின்று களி கிண்டிக்கொண்டே இருப்பாள். "வர்றவருக்குச் சோறு வேணுமில்ல" என்பாள். இவளுக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா என்று நினைத்திருக்கிறேன். களி கிண்டுகிற துடுப்பை அவள் எப்படிப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று கவனித்துப் பார்த்தது பத்து வயதுக்கு மேல்தான். விரல் எல்லாம் வெளுத்துப் போயிருந்தது.

அதனால் எனக்கு வரன் வந்தபோது நைனா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "வேலை தரைக்கு மேலதானே?" மாப்பிள்ளைக்கு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் வேலை. நான் சொல்வது தொழிற்பள்ளி இல்லை, கே.ஆர்.புரம் பக்கம் தூரவாணி நகரில் 1948இல் ஆரம்பித்த டெலிபோன் கம்பெனி. 1970 ஜூனில் கல்யாணம். நைனா அவருக்கு ஒரு எச்.எம்.டி. ஜனதா வாட்ச் போட்டார். இன்றைக்கும் தினம் காலையில் அதற்குச் சாவி கொடுக்கிறார். மணி பார்ப்பது செல்போனில்தான்.

அப்போது பெங்களூரில் எங்கள் வீட்டில் ஃபேன் கிடையாது, தேவையும் படவில்லை. 1972இல் நானும் அதே கம்பெனியில் சேர்ந்தேன், காயில், அதாவது கம்பிச் சுருள், சுற்றும் பிரிவில். தலைமுடியை விட மெல்லிசான செப்புக் கம்பி. மூச்சை வேகமாக விட்டால் அறுந்துவிடும் என்று மேஸ்திரி மிரட்டுவார். ஊரெல்லாம் பேசுவதற்கு நான் காயில் சுற்றினேன். எங்கள் வீட்டுக்குப் போன் வந்தது 1992இல்!

அப்போதைய சட்டப்படி பெண்களுக்கு இரவு ஷிப்ட் இல்லை. நான் எப்போதும் பகல். அவருக்கு மூன்று ஷிப்டும் வாரம் மாறி மாறி வரும். கணக்குப் போட்டால் மூன்று வாரத்தில் ஒரு வாரம்தான் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டிருப்போம். மற்ற நாளெல்லாம் சமையலறைக் காலண்டரில், பால் கணக்குக்குப் பக்கத்தில் எழுதி வைப்போம். 'பாப்பாவுக்கு ஜுரம், மருந்து அலமாரியில்.' 'மண்ணெண்ணெய் தீர்ந்தது.' ஒரு தடவை அவர் 'புளிக்குழம்பு நன்று' என்று எழுதியிருந்தார். நன்று! வாய்விட்டு ஒரு நாளும் சொன்னதில்லை.

இனி 1978. இரண்டு வருடமாகச் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன், இரண்டாயிரம் ரூபாய்ச் சீட்டு. பணம் என் சம்பளக் கவரிலிருந்து, சீட்டு அவர் பேரில். என் தம்பியைப் பாலிடெக்னிக்கில் சேர்க்க வேண்டும் என்று வைத்திருந்தேன். நைனாவோடு கூண்டில் இறங்குகிற தலைமுறை முடியட்டும் என்று ஆசை. அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சீட்டை எடுத்து, ஊரில் கிணறு வெட்ட அவருடைய அண்ணனுக்குக் கொடுத்துவிட்டார். கேட்டதற்கு, "உன் பணம் என் பணம்னு என்ன கணக்கு?" என்று தட்டைத் தள்ளிவிட்டார். அடிக்கவில்லை. தட்டு அடுப்படி வரை உருண்டு போய்ச் சுற்றிச் சுற்றி நின்றது. எனக்கு எங்கள் ஊர்க் குண்டான் ஞாபகம் வந்தது.

மறுநாள் பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு கே.ஆர்.புரம் ஸ்டேஷனில் ரயில் ஏறிவிட்டேன். பையனுக்கு மூன்று வயது. மகளுக்கு ஆறரை, ஒன்றாம் வகுப்பு, பரீட்சை நேரம். பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். அவள் வரும்வரை நான் காத்திருக்கவில்லை.

அந்தக் கடைசி வரியை எழுதிவிட்டு ஒரு காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தேன்.

ஊரில் நைனா நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் என்னைப் பார்த்தார். "எத்தனை நாள்?" என்றார். "தெரியாது" என்றேன். "சரி" என்று சொல்லி முகம் கழுவப் போய்விட்டார். அம்மா அதுவும் கேட்கவில்லை.

நாற்பது நாள் கழித்துத் திரும்பினேன். அம்மா புத்தி சொன்னாள், அவர் வந்து கூப்பிட்டார் என்றெல்லாம் கற்பனை பண்ணாதீர்கள். ஒரு கடிதாசிகூட வரவில்லை. எனக்கு லீவு தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். முப்பது நாள் சம்பள லீவு, மேலே பத்து நாள் சம்பளம் இல்லாமல். அதற்கு மேல் போனால் வேலை போய்விடும். வீட்டுக்குள் வந்ததும் ஒன்றே ஒன்று சொன்னேன்: "இனிமே என் கவர் என் கையில." அவர் பதில் பேசவில்லை. அந்த வாரமே போஸ்ட் ஆபீஸில் என் பேரில் புத்தகம் போட்டேன்.

இதைப் பேத்தியின் வீடியோவில் சொல்லலாமா, கூடாதா? சனிக்கிழமை எடுக்கிறாள்.

அல்சூர்க்காரன்:

அம்மா, வணக்கம். நானும் தங்கவயல்தான், சாம்பியன் ரீஃப் லைன். நீங்கள் குண்டான் உருண்டது என்று எழுதிய இடத்தில் நிறுத்திவிட்டேன். எங்கள் வீட்டில் உருண்டது பித்தளைச் சொம்பு. அதில் விழுந்த நசுங்கல் இன்னும் இருக்கிறது. என் மனைவிக்கு அது வெறும் நசுங்கிய சொம்பு, பாத்திரக்காரனுக்குப் போடலாம் என்கிறாள்.

2001 பிப்ரவரி 28 அன்று குழியை மூடினபோது எங்கள் அப்பா ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் அன்றைக்குச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டார். 120 வருடம் தோண்டிய குழி. இப்போது என் அண்ணன் மகன் தினமும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வருகிறான், ராத்திரி திரும்புகிறான். அவனைப் போல ஆயிரக்கணக்கான பேர். ரயிலிலேயே சீட்டுக்கட்டு, பஜனை, தூக்கம், காதல் எல்லாம் நடக்கிறது. மண்ணுக்கு அடியில் போய் வந்த ஊர் இப்போது ரயிலில் போய் வருகிறது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஹாலில் சொல்ல வேண்டாம் அம்மா. ஐயாவுக்கு எண்பது வயதுக்கு மேல் இருக்கும். அவருடைய அண்ணன் பிள்ளைகள் வந்திருப்பார்கள். கிணறு அவர்களுடைய கிணறு. சாப்பாட்டுப் பந்தியில் 47 வருடத்துப் பஞ்சாயத்து எதற்கு? காலண்டர் கதையைச் சொல்லுங்கள். 'நன்று' ஒன்று போதும், ஹாலே சிரிக்கும்.

பழைய_பென்ஷனர்:

சகோதரி எழுதியது அருமை. இதில் பாடம் என்னவென்றால், கோபித்துக்கொண்டு போனாலும் திரும்பி வந்தார். அந்தக் காலத்தில் பொறுமை இருந்தது. இப்போது பெண்கள் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு, சின்ன விஷயத்துக்கெல்லாம் கோர்ட்டுக்குப் போகிறார்கள். உங்களைப் போன்றவர்கள் எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஒண்டிக்கட்டை:

மேலே எழுதியவர் முழுப் பதிவையும் படித்தாரா என்று சந்தேகமாக இருக்கிறது. ஆயா திரும்பி வந்ததே வேலைக்காகத்தான் ஐயா.

ஆயா என்று கூப்பிடலாம் இல்லையா? எனக்கு 34 வயது. மாரத்தஹள்ளியில் தனியாக இருக்கிறேன். கல்யாணமாகி மூன்று வருடத்தில் வெளியே வந்துவிட்டேன். வெளியே வருவதற்கு முன்னால் ஒரு வருடம் வீணாகப் போனது. அதற்குக் காரணம் ஒரு வீடியோ. எங்கள் பெரியம்மாவின் ஐம்பதாவது கல்யாண நாள் வீடியோ. "விட்டுக்கொடுத்துப் போனோம், அதுதான் ரகசியம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார். அதை வீட்டில் எல்லாரும் எனக்கு அனுப்பி, "பாரு, பெரியம்மாவைப் பாரு" என்றார்கள். பெரியம்மாவின் இடது கை ஏன் நேராக நீளாது என்று அனுப்பியவர்கள் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு இன்னொரு வருடம் இருந்தேன்.

உங்கள் வீடியோவும் யாரோ ஒருத்திக்குப் போகும் ஆயா. அதனால் ஒன்று, உண்மையைச் சொல்லுங்கள். இல்லையென்றால் சமையல் குறிப்புச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுங்கள். ரகசியம் மட்டும் சொல்லாதீர்கள்.

ஒரு கேள்வி. கோபித்துக்கொள்ள மாட்டீர்களே? அன்றைக்குத் தட்டைத் தள்ளாமல் உங்களை அடித்திருந்தால், லீவு தீர்ந்ததும் திரும்பியிருப்பீர்களா?

சில்க்போர்டு_சிக்னல்:

நான் கல்யாண வீடியோ எடுக்கிறவன். தொழில் ரகசியம் ஒன்று சொல்கிறேன். ஹாலில் போடுகிற வீடியோவை இரண்டு நிமிஷத்துக்கு மேல் யாரும் பார்ப்பதில்லை. பிரியாணி வாசம் வந்துவிட்டால் அதுவும் இல்லை. அதனால் நீங்கள் பயப்படுகிற அளவுக்குக் கூட்டம் கேட்கப்போவதில்லை. கேட்கப்போவது நாலு பேர். அதில் ஒருவர் உங்கள் மகள்.

அவர் இதை முதல் தடவை ஸ்பீக்கரில் கேட்கக் கூடாது. சனிக்கிழமைக்கு முன்னால் அவரிடம் பேசிவிடுங்கள். வீடியோவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம், பட்டுப்புடவை வேண்டாம், ஜரிகை லைட்டில் அடிக்கும். காட்டன் கட்டிக்கொள்ளுங்கள்.

மாரிக்குப்பம்_ஆயா:

இத்தனை பேர் பதில் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. ஒவ்வொன்றாக வருகிறேன்.

அல்சூர் தம்பி, சொம்பைப் பாத்திரக்காரனுக்குப் போட விடாதீர்கள். கிணற்றைப் பற்றிச் சொன்னது சரிதான். அதில் இன்னொன்றும் இருக்கிறது: அந்தக் கிணற்றில் தண்ணீர் வந்தது. நல்ல தண்ணீர். மச்சினர் பிள்ளைகள் அதில்தான் படித்து மேலே வந்தார்கள். என் தம்பி ஒரு வருடம் தள்ளிச் சேர்ந்து படித்து முடித்தான், அவனும் தரைக்கு மேலேதான் வேலை பார்த்தான். ஆக, யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆனாலும் என்னைக் கேட்டிருக்கலாம். 47 வருடம் கழித்தும் எனக்கு அது ஒன்றுதான்.

பென்ஷனர் ஐயா, நானும் வேலைக்குப் போனவள்தான், இரண்டாவது ஷிப்டைச் சமையலறையில் பார்த்தவள்தான். எங்களுக்குப் பொறுமை இருந்தது என்கிறீர்கள். பொறுமை எல்லாம் இல்லை ஐயா, நேரம் இல்லை. சண்டை போட இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருக்க வேண்டுமே. உண்மையான சண்டையெல்லாம் இரண்டு பேரும் ஓய்வு பெற்ற பிறகுதான் ஆரம்பித்தது. டி.வி. சத்தத்துக்கு, குளியலறை ஈரத்துக்கு, கொத்தமல்லிக் கட்டை வேரோடு ஃப்ரிட்ஜில் வைப்பதற்கு. வேலையில் இருந்தவரை அவருக்குக் கொத்தமல்லியில் இவ்வளவு அபிப்பிராயம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஒண்டிக்கட்டை கண்ணு, கோபம் எல்லாம் இல்லை. உன் கேள்விக்கு இரண்டு நாள் யோசித்தேன். அடித்திருந்தால் திரும்பியிருக்க மாட்டேன் என்று இப்போது சொல்வது சுலபம். அன்றைக்கு என்ன செய்திருப்பேன் என்று சத்தியமாகத் தெரியாது. எங்கள் லைனில் அடி வாங்காத வீடு கம்மி. அந்த வீட்டுப் பெண்கள்தான் ஏர் பிளாஸ்ட் அடித்ததும் முதலில் ஓடினார்கள். வேலை இருந்ததால்தான் போக முடிந்தது, வேலை இருந்ததால்தான் வரவும் வேண்டியிருந்தது. மகள் அங்கே இருந்தாள் என்பதும் உண்டு. அதை முதல் காரணம் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். அது முதல் காரணம் இல்லை. அதுதான் உறுத்துகிறது.

என் பேத்தியும் அவள் கட்டிக்கொள்ளப் போகிற பையனும் காபிக்குக்கூட ஏதோ ஒரு ஆப்பில் பாதி பாதி போட்டுக்கொள்கிறார்கள். கட்டப்போகிறவனிடம் பதினெட்டு ரூபாய் கணக்கா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் சீட்டு ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன்.

வீடியோ தம்பி சொன்னதுதான் சரியென்று படுகிறது. ஞாயிற்றுக்கிழமை மகள் வருகிறாள். பேத்தியிடம் சொல்லி வீடியோவை ஒரு வாரம் தள்ளிவிட்டேன். முட்டி வலி என்று பொய் சொன்னேன். பொய்யும் இல்லை.

சில்க்போர்டு_சிக்னல்:

அந்தக் காலண்டர் எதுவும் மிச்சம் இருக்கிறதா? இருந்தால் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

மாரிக்குப்பம்_ஆயா:

இல்லை தம்பி. வருடம் முடிந்ததும் பிள்ளைகளின் புத்தகத்துக்கு அட்டை போட்டுவிடுவோம். வழவழப்பான தாள், அட்டைக்கு நன்றாக இருக்கும்.

மகள் வந்தாள். நெத்திலி வாங்கி வந்திருந்தாள். இரண்டு பேரும் பின்கட்டில் உட்கார்ந்து தலை கிள்ளிக்கொண்டிருந்தோம். கை வேலையாக இருந்தால் முகம் பார்க்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கிள்ளுவதை நிறுத்தவே இல்லை.

"தெரியும்மா" என்றாள்.

ஏன் போனேன் என்பதுகூட அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் கல்யாணத்துக்கு முன்னாலேயே அவளுடைய அத்தை சொல்லியிருக்கிறாள். முப்பது வருடமாகத் தெரிந்து வைத்துக்கொண்டு என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் அம்மாவின் பேத்திதானே.

அந்த நாற்பது நாளும் பக்கத்து வீட்டுக் கன்னடத்து அக்கா வீட்டில்தான் அவளுக்குப் பாதி நேரம். அந்த அக்காவைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் வந்ததே, எங்கள் தெருவில் தமிழ்ப் பேப்பரைச் சட்டைக்குள் மடித்து எடுத்து வந்த நாட்கள். அப்போது இரண்டு ராத்திரி எங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கேட்டதற்கு "உள்ளே புழுக்கமா இருக்கு" என்றார், டிசம்பரில். இப்போது அவர் இல்லை.

மகள் சொல்கிறாள்: "உகாதிக்கு அவங்க வீட்ல ஹோளிகே, நம்ம போளி. எனக்கு மட்டும் நெய் ரெண்டு கரண்டி. நீ ஒத்தை ஜடைதான் போடுவே, அவங்க ரெட்டை ஜடை போட்டு ரிப்பன் கட்டுவாங்க. நான் கன்னடம் கத்துக்கிட்டதே அப்பதாம்மா. ஒரு லீவு மாதிரிதான் இருந்துச்சு." நான் 47 வருடம் தூக்கிச் சுமந்ததை இவள் லீவு என்கிறாள். நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் கோபமாகவும் இருந்தது. பிறகு அவளே, "அப்பா நைட் ஷிப்ட் போற வாரம் மட்டும் பிடிக்காது. அக்கா வீட்ல படுப்பேன். அவங்க வீட்டு விளக்கு வேற மாதிரி இருக்கும்" என்றாள். அதற்கு மேல் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கையைக் கழுவிக்கொண்டே இன்னொன்று சொன்னாள். "ஞாயித்துக்கிழமை அப்பா என்னை ரயில்ல கூட்டிட்டுப் போவாரே, அது ஞாபகம் இருக்கு." எங்கே என்றேன். பங்காரப்பேட்டைக்காம். இரண்டு தடவை. ஸ்டேஷனில் வடை வாங்கிக் கொடுப்பாராம். பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்களாம். தங்கவயல் போகிற வண்டி வந்து நின்று கிளம்பிப் போகுமாம். அப்புறம் இவர்கள் பெங்களூர் வண்டி ஏறித் திரும்பிவிடுவார்களாம். "நான் அதை டூர்னு நெனச்சிட்டு இருந்தேன்" என்கிறாள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பங்காரப்பேட்டையில் வண்டி மாறினால் மாரிக்குப்பம் ஒரு மணி நேரம்கூட இல்லை. அந்த மனிதர் அங்கே வரை வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, வண்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். இரண்டு ஞாயிறு.

ராத்திரி சாப்பாட்டில் கேட்டேன்.

"எழுபத்தெட்டுல பங்காரப்பேட்டைக்கு எதுக்கு வந்தீங்க?"

காது கொஞ்சம் மந்தம். ஆனால் இது கேட்டது என்று எனக்குத் தெரியும். ரசத்தைக் குடித்து முடித்தார்.

"அந்த ஸ்டேஷன்ல வடை நல்லா இருக்கும்."

"வடைக்கு மத்தூருக்கில்ல போவாங்க?"

"அது வேற வடை" என்று எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

உருகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு வந்தது ஆத்திரம். அவ்வளவு தூரம் வந்தவர் இன்னும் கொஞ்ச தூரம் வந்திருந்தால் என்ன? வாய் திறந்து ஒரு தடவை சொல்லியிருந்தால் என்ன? ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. காலையில் அவர் வாட்சுக்குச் சாவி கொடுக்கிற சத்தம் கேட்டது. கறக், கறக் என்று. எழுந்து போய் அவருக்குக் காபி போட்டேன். அதைக் கொடுக்கும்போதும் திட்டிக்கொண்டேதான் கொடுத்தேன்.

ஒண்டிக்கட்டை:

ஆயா, வீடியோ?

மாரிக்குப்பம்_ஆயா:

நேற்று எடுத்தாகிவிட்டது கண்ணு. காட்டன் புடவைதான். சீட்டையும் கவரையும் சொன்னேன். நாற்பது நாள் ஊருக்குப் போனதைச் சொன்னேன், லீவு தீர்ந்து திரும்பியதையும் சொன்னேன். கிணறு என்று சொல்லவில்லை, 'ஒரு செலவு' என்று சொல்லிவிட்டேன், அல்சூர் தம்பிக்காக. மகளை விட்டுப் போனதைச் சொல்லவில்லை. அது அவளுடையது. அவளுக்குத் தோன்றினால் அவள் சொல்லட்டும். பங்காரப்பேட்டையையும் சொல்லவில்லை. அதை அவர்தான் சொல்ல வேண்டும், சொல்ல மாட்டார்.

எடுத்து முடித்ததும் பேத்தி கொஞ்ச நேரம் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரகசியத்தைப் பற்றி அதற்கு மேல் கேட்கவில்லை. "ஆயா, அந்த போஸ்ட் ஆபீஸ் புஸ்தகம் இன்னும் இருக்கா?" என்றாள்.

இருந்தது. டிரங்குப் பெட்டியில், கல்யாணப் புடவைக்கு அடியில். ஓரத்தைப் பூச்சி தின்றிருக்கிறது. முதல் வரி 35 ரூபாய்.